பவர் டில்லரின் பெல்ட்டை மாற்றும் முறை

நெய்வேலி நகரியத்தைச் சூழ்ந்துள்ள செம்மண் மேட்டு நிலங்களிலும், அதற்குக் கிழக்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் நன்செய்களிலும் இப்பொழுது ஏர்மாடு அருகிவிட்டது. சிறு குடியானவரின் உழவைப் பெரும்பாலும் நடத்துவது டீஸல் எஞ்சினால் ஓடும் பவர் டில்லரேயாகும். 1967-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து மிட்சுபிஷி கம்பெனியின் உடனுழைப்போடு பங்களூரில் ஒரு ஸ்தாபனமும், 1973-இல் கேரள ராஜ்ய சர்க்காரைச் சேர்ந்த ஒரு ஸ்தாபனம் குபோட்டா கம்பெனியின் துணையோடும் இந்த யந்திரத்தை இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கின. எஞ்சினின் பலத்தைக் கிளட்சுக்கும் பற்சக்கரங்களுக்கும் கொண்டு செல்வது ரப்பரும் நூலும் சேர்த்துச் செய்த சில வீ-பெல்ட்டுகள். யந்திரம் முழுவதிலும் விலை குறைந்த உறுப்புக்களில் இதுவும் ஒன்று. ஆயினும் நடவுக்குச் சேறடிக்கும் நாளில் இது அறுந்துபோனால், முறைநீர் வயலில் நிற்க, நாற்று பறித்துக் கட்டப்பட்டிருக்க, நடவாட்கள் வரப்பில் உட்கார்ந்திருக்க நேரிடும். சம்பா நாற்று வயது முற்றினால் தூர் குறையும் என்பதைக் குடியானவர்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்து முதியோர்க்கு எஞ்சினும் பெல்ட்டும் புதியவையல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்தே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி வரலாறு தொடங்குகிறது. மின்சாரம் வராத அக்காலத்தில் இறைவைக்கு ஆயில் எஞ்சினை வைத்தவர்கள் தட்டையான தோல் பெல்ட்டையே உபயோகித்தனர். தோல் காயாமலிருக்க விளக்கெண்ணெய் தடவுவதும், வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுவதும் அன்றைய வழக்கம். அவ்வழக்கம் இன்றும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருப்பதே பல பெல்ட்டுகளின் ஆயுளைக் குறைக்கிறது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மிருதுவாகிவிடும். குங்கிலியம் சற்று நேரம் பிடிப்பைத் தந்து, பின்னர் செம்மண் தூசியைத் தன்மேல் ஒட்டவைத்து உப்புத்தாள்போல் புல்லியைத் தேய்க்கும். வீ-பெல்ட்டுக்குப் பூச வேண்டிய பொருள் ஒன்றுமில்லை.

தட்டைப் பெல்ட் தன் அடிப்பரப்பால் புல்லியைப் பற்றுவது. வீ-பெல்ட்டோ ஆப்பைப்போல் பள்ளத்தினுள் இறங்கித் தன் இரு பக்கங்களாலும் பற்றுகிறது. ஆகையால் அதன் அடி, பள்ளத்தின் அடியில் தொடவே கூடாது. பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மினுக்குமாயின் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து, பெல்ட் உட்கார்ந்துவிட்டதென்று கொள்ளலாம். புதுப் பெல்ட்டைப் பள்ளத்தில் வைத்துப் பார்க்கையில் அதன் மேற்பரப்பு புல்லியின் விளிம்போடு ஏறக்குறையச் சமமாக நிற்க வேண்டும். புதியதே ஆழமாக அமிழுமாயின் குற்றம் புல்லியைச் சார்ந்தது. அப்புல்லியை மாற்றாமல் எத்தனை பெல்ட் வாங்கினும் பணம் வீணே.

பெல்ட் ஒரே நாளில் அறுவதில்லை. அது முன்னமே பல குறிகளைக் காட்டும். சேற்றில் சுழற்கலப்பை அழுந்தும்போது கீச்சென்ற ஓசை, ரப்பர் கருகும் நாற்றம், பக்கங்களில் பளபளப்பு, உட்புறத்தில் குறுக்கு வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பருவம் தொடங்குமுன் மாற்றிவிடுதல் நலம்.

வாங்கும்பொழுது கவனிக்கத்தக்கது பெல்ட்டின் முதுகில் அச்சிட்டுள்ள எழுத்தும் எண்ணும். எழுத்து பருமனைக் குறிக்கும். ‘ஏ’ என்பது 13 மில்லிமீட்டர் அகலமும் 8 மில்லிமீட்டர் கனமும் உள்ளது. ‘பி’ என்பது 17 மில்லிமீட்டர் அகலமும் 11 மில்லிமீட்டர் கனமும் உள்ளது. அதையடுத்த எண், உட்சுற்றின் நீளத்தை அங்குலத்தில் தெரிவிக்கும். எழுத்து அழிந்துபோன பழைய பெல்ட்டை அளந்து வாங்குவது ஏமாற்றத்துக்கு இடம் தரும், அது நீண்டிருக்கும். யந்திரத்தோடு வந்த கைப்புத்தகத்தைப் பார்ப்பதே உத்தமம்.

இனி, பலரும் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு. மூன்று பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்கி மாட்டுவது சிக்கனம் என்று எண்ணுகின்றனர். பழைய இரண்டும் நீண்டிருப்பதால் அவை தளர்ந்து ஆட, புதியது ஒன்றே முழுச் சுமையையும் தாங்கி, சூடேறி, சில நாட்களில் அறுகிறது. பின்னர் மறுபடியும் ஒன்று வாங்குகின்றனர். அதுவும் அவ்வாறே போகிறது. முடிவில் தொகுதி முழுவதையும் வாங்கியிருக்கக்கூடிய தொகைக்குமேல் செலவாகி, உழவு நாட்களும் இழக்கப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒருசேர, ஒரே கம்பெனியின் சரக்காக, ஒரே அளவினதாக மாற்றுதல் வேண்டும்.

மாற்றும் வேலைக்கு முன் யந்திரத்தை மேடான சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பறக்கும் சக்கரம் முற்றும் நின்றபின்னரே மூடியைக் கழற்ற வேண்டும். டீஸல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போலத் தீப்பொறியை நிறுத்திப் பாதுகாப்புச் செய்துகொள்ள வழியில்லை. வேஷ்டித் தலைப்பு, தோளில் கிடக்கும் துண்டு, தொங்கும் சட்டைக்கை இவற்றை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். விரல் இழந்தவர்களின் கதை எல்லாக் கிராமங்களிலும் உண்டு. அவற்றுள் பல, எஞ்சின் ஓடாத வேளையில் ஒருவர் பெல்ட்டைப் பிடித்திருக்க மற்றொருவர் சக்கரத்தைக் கையால் சுழற்றியதால் விளைந்தவையே. சுழற்றுபவரும் மாட்டுபவரும் ஒருவராகவே இருத்தல் நன்று.

பெரும்பாலான பவர் டில்லர்களில் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினையே கிளட்சை நோக்கிப் பின்னுக்கு நகர்த்தினால் பெல்ட்டுகள் தொய்ந்துவிடும். வேறு சிலவற்றில் இழுவைப் புல்லி ஒன்று தனியே இருக்கும். அதைத் தளர்த்தினால் போதும். தளர்த்தாமல் ஸ்குரூ டிரைவரால் நெம்பி விளிம்பைத் தாண்டச் செய்வது, கண்ணுக்குத் தெரியாதபடி பெல்ட்டின் உள்நூலை அறுத்துவிடும். கழற்றிய நட்டுகளை ஒரு கிண்ணத்தில் இடுக. சேற்றில் விழுந்த நட்டைத் தேடுவதில் அரை நாள் கழிவது புதிதன்று. பள்ளங்களிலுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உலர்ந்த துணியால் துடைத்து, புதியவற்றை உட்பள்ளத்திலிருந்து வரிசையாக மாட்டி, எஞ்சினை முன்னுக்கு நகர்த்த வேண்டும். நட்டுகளை முற்ற முறுக்குமுன், இரு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, எங்கும் இடைவெளியின்றி அது படிகிறதா என்று பார்க்க. கோணலாக நின்ற புல்லி, பெல்ட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தின்றுவிடும்.

இறுக்கத்தில்தான் அனுபவம் வேண்டும். இரு புல்லிகளுக்கும் நடுவே, பெல்ட் தொடும் இடங்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 1½ மில்லிமீட்டர் அமிழ்வது பொது விதி. கைப்புத்தகம் வேறு அளவு கூறின் அதுவே பிரமாணம். தளர்வு வழுக்கலைத் தரும் என்பதை யாவரும் அறிவர். அதற்கு அஞ்சி வீணைத் தந்திபோல் இறுக்குவோர், கிளட்சுத் தண்டின் பேரிங்கையும் எஞ்சின் தண்டின் பேரிங்கையும் கெடுக்கின்றனர். பேரிங்கு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பெல்ட்டின் விலை ஒன்றுமேயில்லை.

மூடியைப் பூட்டி அரைமணி நேரம் சுமையின்றியும், பின்னர் சிறு சுமையோடும் ஓட்டி, அணைத்து, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். புதுப் பெல்ட் பள்ளத்தில் படிந்து சற்றே நீளும். எனவே முதல் நாள் வேலை முடிவிலும் ஒரு முறை இறுக்க நேரிடும். மூடியின்றி ஓட்டலாகாது. முந்திரித் தோப்புகளில் சருகும் சுள்ளியும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசன வயல்களில் சேறும் உள்ளே புகுந்து புதியதையும் பாழாக்கும்.

கழற்றிய பழையவற்றுள் வெடிப்பில்லாதவற்றை ஒரே தொகுதியாகக் கட்டி வைத்துக்கொண்டால், அவசரத்தில் ஒரு நாள் வேலைக்கு உதவும். அவற்றை ஆணியில் மாட்டினால் ஒரே இடத்தில் மடிந்து வெடிக்கும். டீஸல் டின்னுக்கும் வெயிலுக்கும் விலகிய உலர்ந்த பலகையில், எலி எட்டாதபடி, தளர்ந்த வட்டமாகப் படுக்க வைக்கவும்.