நோபல் முந்தி, புரதம் பிந்தி

பாலில் விழுந்த பாக்டீரியாவுக்கு 'இது பால், செரித்துக்கொள்' என்று யார் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, கீழ்பென்னாத்தூர்

ஒருவரும் சொல்வதில்லை. வாசலை மறித்துக்கொண்டிருந்தவர் எழுந்து போகிறார், அவ்வளவுதான். உறைமோரில் இருப்பவர்கள் வேறு குடும்பம். எனக்குப் பிடித்த கதை நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலையுடையது. பால் சர்க்கரையை உடைக்கும் நொதிக்கான மரபணுவின் வாசலில், டி.என்.ஏ.மேல் ஒரு புரதம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும். படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் உள்ளே நுழைய முடியாது. ஆனாலும் காவல் அவ்வப்போது கண்ணயரும். அந்தக் கசிவில் பிறந்த கொஞ்சம் நொதி, வந்த லாக்டோஸில் கொஞ்சத்தை அல்லோலாக்டோஸாக மாற்றும். அது புரதத்தைப் பற்றிக்கொண்டால் புரதத்தின் உருவம் கோணி, பிடி நழுவும். படியெடுப்பு ஜோராக நடக்கும்.

இந்தத் தடைப் புரதத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜேக்கப்புக்கும் மோனோவுக்கும் நோபல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! 1961-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்துகொண்டு அவர்கள் எழுதியபோது, தடைக்காரன் ஆர்.என்.ஏ.வாக இருக்கும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். 1965-ல் பரிசும் வாங்கியாயிற்று. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் ஆளைப் பிடித்து, 'இது புரதமய்யா' என்று காட்டியது 1966-ல்! செல்லுக்குப் பத்து வாக்கில்தான் இருக்கும், பிடிப்பது லேசா? அந்தக் கில்பர்ட் நம் துணைக்கண்டத்து அப்துஸ் சலாமிடம் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர்.

இன்னொன்று. தடை டி.என்.ஏ.மேலேயே விழுகிறது என்ற யோசனை ஜேக்கப்புக்கு உதித்தது 1958-ல், பாரிஸ் சினிமாக் கொட்டகையில். சினிமாவால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று எழுதுபவர்களுக்கு இந்தப் பகுதியில் நான் ஓயாமல் சொல்லிவருவது இதைத்தான்.

இதில் நம் பக்கத்து ஆள் யாரும் இல்லையா?
– அதே வாசகி

வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த ஜெ. கௌரிசங்கர் இருக்கிறாரே! ஊசி போடப் போகாமல் ஈ.கோலையிடம் போய்விட்டார். உப்பு ஏறும்போது அது எந்த மரபணுக்களை எழுப்புகிறது என்று ஹைதராபாத்தில் தேடி, 1985-ல் எழுதினார். அவற்றுள் ஒன்று 'புரோ-யூ'. நீரிழந்து சுருங்காமலிருக்க, பீட்டெய்ன் என்ற பொருளை உள்ளே இழுக்க உதவும். உப்பு குறைந்தால் அதன்மேலும் ஒரு புரதம் ஏறி உட்கார்ந்துவிடும்.

பௌர்ணமியன்று பால் சீக்கிரம் உறையுமா?
– மறுபடியும் அவரே

கிரிவலக் கூட்டத்தை இழுக்கும் நிலாவுக்கு உறைமோர் கணக்கு தெரியாது. சூடுதான் கணக்கு. மார்கழியில் பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் இறக்கி வையுங்கள்.