கிராஃபிக்ஸ் டிரைவருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற செட்டிங்ஸ்: எதைத் தொடலாம், எதை விட்டுடலாம்?

போன மே மாசம், விருத்தாசலத்துல எங்க வீட்டு மாடி ரூம். வெளியில வெயில் 40 டிகிரி. பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். முதல் வருஷம் இன்ஜினியரிங் முடிச்சிருந்தான்.

"அண்ணா, கேம் போட்டா முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் திக்கித் திக்கி நிக்குது. இது தேறாதுண்ணா. அப்பாகிட்ட சொல்லி இஎம்ஐ-ல புதுசு எடுக்கப் போறேன்."

அவங்க அப்பா செராமிக் தொழிற்பேட்டையில சூளை வேலை பார்க்கிறவர். அந்த இஎம்ஐ அவங்க வீட்டுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். அதனால "ரெண்டு நாள் பொறுடா"ன்னு சொல்லி லேப்டாப்பை வாங்கி வச்சேன். திறந்து பார்த்தா ஏற்கனவே ஏதோ வீடியோ பார்த்து "எஃப்பிஎஸ் பூஸ்ட் பேக்" ஒண்ணைப் போட்டு வச்சிருக்கான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. மூணாவது வருஷத்துல நானும் அதே மாதிரி ஒரு பேக்கை டவுன்லோட் பண்ணி, என்ன மாத்துதுன்னு ஒரு வரி கூடப் படிக்காம ரன் பண்ணவன்தான். ரெஜிஸ்ட்ரியில எதையோ கலைச்சு விட்டுச்சு, டிரைவர் லோட் ஆகல. மறுநாள் காலையில மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. சிஎன்என் மாடல் ஓடணும், ஆனா குடாவுக்கு கிராஃபிக்ஸ் கார்டே கண்ணுக்குத் தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கு சேஃப் மோடுல போய், டிடியூ வச்சு டிரைவரை முழுசா துடைச்சு, திரும்ப இன்ஸ்டால் பண்ணப்புறம்தான் உயிர் வந்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான், இந்த செட்டிங்ஸ் எல்லாம் உண்மையில என்ன பண்ணுதுன்னு படிக்கிறது.

முதல்ல, டிரைவர்னா சும்மா கேமையும் கார்டையும் இணைக்கிற ஒயர் இல்ல. உள்ள ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியா ஒரு ப்ரொஃபைல் இருக்கு. நீங்க கேமோட இஎக்ஸ்இ-யைத் திறந்த உடனே டிரைவர் அந்தப் பேரைப் பார்த்து, "ஓ இவனா, இவனுக்கு இந்த இந்த செட்டிங்"னு போட்டுக்கும். இது ஊருக்கே தெரிஞ்சது 2001-ல. ஏடிஐ ரேடியான் 8500 கார்டுல க்வேக் 3 கேம் ஓட்டிப் பார்த்தாங்க. நல்ல வேகம். யாரோ ஒருத்தர் அந்த ஃபைல்ல இருந்த "க்வேக்"ங்கிற பேரை "க்வாக்"னு மாத்தி ஓட்டினார். வேகம் குறைஞ்சுடுச்சு, ஆனா படம் தெளிவாயிடுச்சு! பெஞ்ச்மார்க்ல ஜெயிக்கிறதுக்காக டிரைவர் அந்தப் பேருக்கு மட்டும் படத்தோட தரத்தைக் குறைச்சிட்டு இருந்திருக்கு. ஒளிஞ்சிருக்கிற செட்டிங் பெரும்பாலும் இப்படித்தான்: ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணை வாங்குது. எதைக் கொடுக்கிறோம்னு தெரியாம மாத்தினா வம்பு.

நிவிடியா கண்ட்ரோல் பேனல்ல "மேனேஜ் 3டி செட்டிங்ஸ்" பக்கத்துல நீங்க பார்க்கிறது அந்த ப்ரொஃபைலோட ஒரு சின்னப் பகுதி. மிச்சத்தைப் பார்க்கணும்னா நிவிடியா ப்ரொஃபைல் இன்ஸ்பெக்டர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு. திறந்தா ஹெக்ஸ் நம்பரா கொட்டிக் கிடக்கும். பயப்படாதீங்க, முக்கால்வாசியைத் தொடவே வேண்டாம்.

அதுல ரொம்பப் பேசப்படுறது ரீசைசபிள் பார். பழைய முறையில சிபியூ ஒரு நேரத்துல கார்டோட மெமரியில 256 எம்பி ஜன்னல் வழியாத்தான் எட்டிப் பார்க்க முடியும். இது ஆன் ஆனா முழு மெமரியும் தெரியும். ஆனா எல்லா கேமும் இதனால வேகமாகாது, சிலது மெதுவாகவும் ஆகும். அதனால நிவிடியா சோதிச்ச கேம்களுக்கு மட்டும் ப்ரொஃபைல்ல ஆன் பண்ணி வச்சிருக்கு. இன்ஸ்பெக்டர் வழியா மத்த கேமுக்கும் வலுக்கட்டாயமா ஆன் பண்ணலாம். ஆனா அதுக்கு ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ் அல்லது அதுக்கு மேல வேணும். தம்பிகிட்ட இருந்தது ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. அந்தக் கதவு அவனுக்கு மூடியாச்சு. ஹாஸ்டல்ல பாதிப் பேர் நிலைமையும் இதுதான்.

அவனுக்கு உதவக்கூடியதுன்னு பார்த்தா, அடுத்து லோ லேட்டன்சி மோட். சிபியூ அடுத்தடுத்த ஃப்ரேமைத் தயார் பண்ணி வரிசையில நிறுத்தி வைக்கும். 60 எஃப்பிஎஸ்ல ஒரு ஃப்ரேம்னா 16.7 மில்லிசெகண்ட். வரிசையில மூணு நின்னா 50 மில்லிசெகண்ட், அதாவது நீங்க மவுஸை அசைச்சது அவ்வளவு தாமதமா திரையில தெரியும். இந்த மோட் அந்த வரிசையைக் குறைக்குது. எஃப்பிஎஸ் ஏறாது, கைக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் குறையும். அதுவும் டைரக்ட்எக்ஸ் 9, 11 கேம்ல மட்டும். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன்ல வரிசையை கேமே பார்த்துக்கும், இந்த செட்டிங் அங்க சும்மா அலங்காரம். கேமுக்குள்ளேயே ரிஃப்ளெக்ஸ் இருந்தா அதை ஆன் பண்ணிட்டு இதை மறந்துடுங்க.

"ஷேடர் கேஷை அழிச்சா கேம் பறக்கும்"னு வீடியோக்கள்ல சொல்றாங்களே, அது பெரும்பாலும் தலைகீழ். ஷேடர்ங்கிறது உங்க கார்டுக்கு ஏத்த மாதிரி கம்பைல் பண்ண வேண்டிய குட்டி ப்ரோகிராம். ஒரு புது ஏரியாவுக்குள்ள நுழையும்போது படக்னு ஒரு செகண்ட் நிக்குதுன்னா, பல நேரம் அந்த கம்பைல்தான். ஒருதடவை பண்ணினதை எஸ்எஸ்டி-யில சேமிச்சு வைக்கிறதுதான் கேஷ். அதை அழிச்சா எல்லாத்தையும் திரும்ப முதல்ல இருந்து பண்ணும். கேஷ் கெட்டுப்போச்சுன்னு சந்தேகம் இருந்தா ஒருதடவை அழிக்கலாம், அவ்வளவுதான். டிரைவர் அப்டேட் பண்ண மறுநாள் கேம் திக்கினா "அப்டேட் குப்பை"ன்னு உடனே திட்டாதீங்க, கேஷ் திரும்ப நிரம்பணும்.

பவர் மேனேஜ்மென்ட்ல "ப்ரிஃபர் மேக்சிமம் பெர்ஃபாமன்ஸ்", இதுதான் தம்பியோட பேக் முதல்ல மாத்தி வச்சிருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கனமான கேம்ல கார்டு எப்படியும் முழு வேகத்துலதான் ஓடும். இந்த செட்டிங் வேலை இல்லாத நேரத்துலயும் அதை இறங்க விடாது. கிடைக்கிறது சூடு மட்டும். நம்ம ஊர் மே மாசத்துல, ஏசி இல்லாத ரூம்ல!

இங்கதான் விஷயம் பிடிபட்டுச்சு. முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் திக்குதுன்னா, பிரச்சினை வேகம் இல்ல, வெப்பம். பல லேப்டாப்ல சிபியூவும் ஜிபியூவும் ஒரே ஹீட் பைப்பைப் பங்கு போடும். அது நிறைஞ்சதும் ரெண்டும் க்ளாக்கை இறக்கும், கொஞ்சம் ஆறினதும் ஏத்தும், திரும்ப இறக்கும். சராசரி எஃப்பிஎஸ் பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியாது. ஃப்ரேம் டைம் கிராஃப் பார்த்தா ஈசிஜி மாதிரி இருக்கும்.

நான் கிராஃபை ஓட்டிட்டு இருக்கும்போது தம்பியோட அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "இது என்னப்பா, சூளை சார்ட் மாதிரி இருக்கு?" அவர் வேலையில உச்ச வெப்பம் எவ்வளவுங்கிறது மட்டும் கணக்கில்ல. எவ்வளவு மெதுவா ஏறுச்சு, எப்படி இறங்குச்சுங்கிறதுதான் பொம்மை முழுசா வருமா, விரிசல் விடுமான்னு முடிவு பண்ணும். ஃப்ரேம் டைம்னா என்னன்னு கிளாஸ்ல இருக்கிறவங்களுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு! அவருக்கு ஒரே நிமிஷம்தான் ஆச்சு.

செராமிக்னு சொன்னதும் இன்னொண்ணும் ஞாபகம் வருது. 2020 செப்டம்பர்ல ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதுசுல, பல கார்டுகள் கேம் நடுவுலேயே க்ராஷ் ஆச்சு. சந்தேகம் போனது சிப்புக்குப் பின்னாடி இருக்கிற குட்டிக் கெப்பாசிட்டர்கள் மேல. அதுல ஒரு வகை எம்எல்சிசி, மெல்லிசு மெல்லிசா செராமிக் அடுக்கு வச்சு, ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டு எடுக்கிறது. நம்ம ஊர் அகல் விளக்குக்கும் ஃபியூஸ் கேரியருக்கும் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். இவிஜிஏ தன்னோட கார்டுல அந்த செராமிக் வகையைச் சேர்த்து டிசைனையே மாத்துச்சு. கெப்பாசிட்டர்தான் காரணம்னு நிவிடியா ஒத்துக்கல, ஆனா சில நாள்லயே 456.55 டிரைவர் வந்துச்சு, க்ராஷ் பெருமளவு நின்னுச்சு. சோதிச்சவங்க பார்த்தப்போ கார்டோட உச்ச வேகம் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. நமக்குக் காட்டாத ஒரு செட்டிங்கைக் கொஞ்சம் குறைச்சதுதான் மருந்து.

தம்பிக்கும் அதே மருந்துதான் கொடுத்தேன். முதல்ல டிடியூ வச்சு அந்தப் பேக்கோட சேர்த்து எல்லாத்தையும் துடைச்சு, டிரைவரை நிவிடியா சைட்ல இருந்து புதுசா போட்டேன். ரெஜிஸ்ட்ரி மாத்தங்களையும் திருப்பினேன். அப்புறம் எதையும் மாத்தாம, ஒரே கேம், ஒரே இடம், அரை மணி நேரம் ஓட்டி கேப்ஃப்ரேம்எக்ஸ்ல பதிவு பண்ணினேன். தயவுசெஞ்சு இந்தப் படியைத் தாண்டாதீங்க. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியாம பின்னாடி நல்லாயிருக்குன்னு சொல்றது வெறும் நம்பிக்கை. ஒரு நேரத்துல ஒரு செட்டிங், திரும்ப அளவு.

அவன் திரை 60 ஹெர்ட்ஸ். கார்டு அதுக்கு மேல வரையிற ஒவ்வொரு ஃப்ரேமும் அவனுக்கு முழுசா தெரியப் போறதில்ல, சூடு மட்டும் மிச்சம். "மேக்ஸ் ஃப்ரேம் ரேட்"டை 60-ல வச்சேன். பவர் மோடை நார்மலுக்குக் கொண்டு வந்தேன். அடியில அட்டைப்பெட்டி வச்சு உயர்த்தி, தூசியை பிரஷ்ஷால தட்டினேன். அரை மணி நேரம் கழிச்சும் கிராஃப் கோடு மாதிரி நின்னுச்சு. நடுவுல எப்பவாவது ஒரு குத்து, அது ரேம். ஒரே 8 ஜிபி ஸ்டிக்தான் இருக்கு, பக்கத்து ஸ்லாட் காலி. அதை எந்த செட்டிங்கும் நிரப்பாது.

ஏஎம்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபர்ல ஏஎம்டி தன்னோட டிரைவர்லயே கொடுத்த ஆன்டி-லேக் ப்ளஸ், கேமோட டிஎல்எல்லுக்குள்ள கை வச்சதால, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல ஆன் பண்ணினவங்களை வேக் சிஸ்டம் ஏமாத்துக்காரங்கன்னு தடை பண்ணுச்சு. ஏஎம்டி அதைத் திரும்ப எடுத்துச்சு, வால்வ் தடைகளை நீக்குறதா சொல்லுச்சு. கம்பெனியே கொடுத்த செட்டிங்குக்கே இந்தக் கதின்னா, யாரோ போட்ட ஜிப் ஃபைலுக்கு?

இன்ஸ்பெக்டர்ல எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ப்ரொஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க. ரிவ்யூ, வைவா இருக்கிற வாரத்துல டிரைவர் பக்கமே போகாதீங்க.

தம்பி வீட்டுல இஎம்ஐ பேச்சு நின்னுடுச்சு. இப்ப ஒரு 8 ஜிபி ஸ்டிக்குக்குக் காசு சேர்த்துட்டு இருக்கான். போன வாரம் ஃபோன் பண்ணான், "அண்ணா, இப்ப திக்கவே இல்ல, ஆனாலும் தோத்துட்டேதான் இருக்கேன்"னு.