ஸ்திரேலா கடிகாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாஸ்கோ முதலாம் கடிகாரத் தொழிற்சாலையில் 1959 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட ஸ்திரேலா, நேரம் காட்டுவதோடு, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒரு நிகழ்வின் கால அளவைத் தனி முள்ளால் அளந்து காட்டும் க்ரோனோகிராஃப் வகைக் கைக்கடிகாரமாகும். 1961 ஏப்ரல் 12 அன்று விண்வெளிக்குச் சென்ற யூரி ககாரினின் கையில் இருந்தது இதுவே என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் அவர் அணிந்திருந்தது அதே தொழிற்சாலையின் ஷ்துர்மான்ஸ்கியே என்னும் மூன்று முள் கடிகாரம். அதில் க்ரோனோகிராஃப் வசதியே கிடையாது. ஸ்திரேலாவின் விண்வெளிப் புகழ், 1965 மார்ச் 18 அன்று வோஸ்கோத் 2 கலத்தைவிட்டு வெளியேறி ஏறத்தாழ 12 நிமிடம் மிதந்த அலெக்சி லியோனோவ் அதை அணிந்திருந்ததால் வந்தது.

டயலில் உள்ள பெயரைக் கொண்டே இக்கடிகாரத்தை அடையாளம் கண்டுவிடலாம் என்பது சேகரிப்பாளருக்குப் பெரும் பொருளிழப்பை ஏற்படுத்தும் நம்பிக்கையாகும். இதே கடிகாரம் போல்யோத் என்றும், ஏற்றுமதிக்காக செகோண்டா என்றும் பெயரிடப்பட்டு விற்கப்பட்டது. மறுபுறம், ஸ்திரேலா என்ற பெயரைத் தாங்கி வேறு இயந்திரங்களுடன் பிற்காலத்தில் வெளிவந்த கடிகாரங்களும் சந்தையில் உள்ளன. ஆகவே பின்மூடியைத் திறந்து உள்ளியந்திரத்தைக் காண்பதே உரிய வழியாகும். சுவிட்சர்லாந்தின் வீனஸ் 150 வரிசையின் வடிவமைப்பைத் தழுவிய, 19 கற்கள் கொண்ட அந்த இயந்திரத்தில் 3017 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பொத்தான்களின் கட்டளைகளை நெம்புகோல்களுக்குக் கடத்தும், சிறு தூண்கள் வட்டமாக எழுந்து நிற்கும் 'தூண் சக்கரம்' அதில் தெளிவாகத் தெரியும். மூடியைத் திறக்க இயலாதவிடத்து, 3 மணிக்கு அருகில் உள்ள சிறு வட்டம் 45 நிமிடம் வரை எண்ணுகிறதா என்று பார்ப்பது பயன்தரும். ஏனெனில் 1970களின் நடுப்பகுதியில் வந்து, பின்னர் இதன் இடத்தைப் பிடித்த 3133 இயந்திரத்தின் வட்டம் 30 நிமிடமே எண்ணும்.

சீரமைப்பைப் பற்றிய நம்பிக்கைகளுள் உடல்நலத்தையே பாதிக்கக்கூடியது, இருளில் ஒளிராத ஒளிர்பூச்சு செயலிழந்துவிட்டது, ஆகவே அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசலாம் என்பதாகும். அக்காலக் கடிகாரங்களின் ஒளிர்பூச்சில், கதிர்வீச்சை வெளியிடும் ரேடியமும், அக்கதிர்வீச்சு பட்டதும் ஒளி உமிழும் துத்தநாக சல்பைடும் கலந்திருப்பது வழக்கம். சில ஆண்டுகளிலேயே சிதைந்து ஒளியை இழப்பது துத்தநாக சல்பைடே அன்றி ரேடியம் அன்று. ரேடியம்-226 பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும் என்பதால், மங்கிப்போன முள்ளும் கதிர்வீச்சில் குறைந்திராது. சுரண்டும்போது எழும் நுண்தூள் மூச்சின் வழியாக உடலுக்குள் புகுந்து எலும்பில் தங்கும்; சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் டயல்களுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள் பலர், தூரிகையை உதட்டால் கூராக்கியதால் தாடை எலும்பு அழிந்து மாண்டனர் என்பதை எந்தச் சீரமைப்பாளரும் மறத்தலாகாது. கதிர்வீச்சு அளவியால் சோதித்து ரேடியம் இல்லை என்று உறுதிப்படும் வரை பூச்சைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

பழைய கடிகாரத்தைப் புதிது போல மின்னச் செய்வதே சீரமைப்பு என்னும் கருத்தும் தவறானது. பொதுமக்களுக்கான பல ஸ்திரேலாக்களின் கூடு, குரோம் பூசிய பித்தளையால் ஆனது. அதை மெருகுச் சக்கரத்தில் தேய்த்தால் மெல்லிய பூச்சு அகன்று மஞ்சள் நிறப் பித்தளை வெளிப்படும், விளிம்புகளும் மழுங்கும். மறுபடி அச்சிடப்பட்ட டயல் எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், எழுத்துகளின் தடிமன், இடைவெளி, வட்டங்களின் கோடுகள் ஆகிய காலச் சான்றுகளை மீட்க முடியாதபடி அழித்துவிடுகிறது. மூலத்தின் கறை, புதுமையின் பொலிவைவிட மதிப்புடையது.

எண்ணெய் மிகுதியாக இட்டால் இயந்திரம் நன்கு இயங்கும் என்று எண்ணுவோரும் உளர். அச்சுமுனைகள் சுழலும் கற்களுக்கும் தூண் சக்கரத்தின் உராயும் பரப்புகளுக்கும் சிறிதளவு மசகு தேவை. க்ரோனோகிராஃப் சக்கரங்களின் பற்களோ உலர்ந்தே இருக்க வேண்டும், ஏனெனில் அங்கு இடும் எண்ணெய் தூசியைச் சேர்த்து, ஊசலாடி நேரத்தை ஒழுங்குபடுத்தும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சைக் குறைக்கிறது. பற்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஆழம் கவ்வ வேண்டும் என்பதை அச்சு விலகிய சிறு திருகுகள் முடிவு செய்கின்றன. அவை வழக்கமான இறுக்குத் திருகுகள் என்று கருதித் திருப்பியவரின் கையில், முள் குதித்துப் புறப்படுவதும் இடையில் நின்றுவிடுவதும் நேர்கின்றன. அளவிடும் முள் பன்னிரண்டில் சரியாக வந்து நிற்காதபோது, சுத்தியல் போன்ற நெம்புகோல் வந்து மோதும் இதய வடிவத் தகட்டை அரத்தால் தேய்ப்பது இவற்றுள் மிகக் கொடிய பிழையாகும். பெரும்பாலும் முள் தன் குழாயில் சற்று நழுவியிருப்பதே காரணம், தேய்க்கப்பட்ட தகட்டுக்கு மாற்று வேண்டுமெனில் இன்னொரு 3017-ஐப் பிரித்தெடுக்க நேரும்.