சிறுவருக்குக் கதை எழுதுவது எப்படி?

"சிறு பிள்ளைகளுக்குத்தானே, எதை எழுதினால் என்ன?" என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் தவறு என்று எடுத்துரைத்தவர் சி. எஸ். லூயிஸ். 1898-ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ஆசிரியர். நார்னியா என்னும் கற்பனை நாட்டைப் பற்றி 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு நூல்களை வெளியிட்டார்.

1952-இல் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் நடந்த நூலகர் சங்க மாநாட்டில் இவர் ஆற்றிய சொற்பொழிவு நமக்கு ஒரு நல்ல பாடம். சிறுவருக்கு எழுத மூன்று வழிகள் உண்டு. அவற்றுள் இரண்டு நல்லவை, ஒன்று தீயது என்றார் அவர்.

முதல் வழி, பிள்ளைகள் எதை விரும்புவார்கள் என்று ஊகித்து, தமக்கே பிடிக்காததையும் எழுதித் தருவது. இதுவே தீய வழி.

இரண்டாம் வழி, குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு வாய்மொழியாகச் சொன்ன கதையை வளர்த்து நூலாக்குவது. 1862-இல் படகில் சென்றபோது லூயிஸ் கரோல் மூன்று சிறுமியருக்குச் சொன்ன கதையே 1865-இல் 'ஆலிஸ்' நூலாக மலர்ந்தது. எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையை ஏமாற்ற இயலாது. கதை சலித்தால் அதன் முகமே சொல்லிவிடும் அன்றோ?

மூன்றாம் வழி, சொல்ல வந்ததற்குச் சிறுவர் கதையே ஏற்ற வடிவம் என்பதால் எழுதுவது. இதுவே லூயிஸின் வழி. பனி படர்ந்த காட்டில் குடையும் பொட்டலங்களுமாகச் செல்லும், பாதி மனிதனும் பாதி ஆடுமான ஓர் உருவம் ஏறத்தாழப் பதினாறு வயதிலிருந்தே அவர் மனத்தில் இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அதுவே நார்னியாவின் முதல் கதையாயிற்று. நம் வயதில் மனத்தில் தோன்றும் காட்சிகளை நாம் அற்பமென்று தள்ளலாகாது.

ஒருமுறை உணவு விடுதியில் லூயிஸ், தமக்கு உலர்ந்த பிளம்ஸ் பழம் அறவே பிடிக்காது என்று சற்று உரக்கக் கூறினாராம். அடுத்த மேசையிலிருந்து ஆறு வயதுக் குழந்தை ஒன்று தனக்கும் அப்படியே என்றது. இருவரும் சிரிக்கவில்லை, ஒருவரையொருவர் புரிந்துகொண்டனர். குழந்தையைத் தாழ்த்தாமலும் தலையில் தூக்கி வைக்காமலும் சமமாகப் பேசுவதே எழுத்தாளர் கடமை என்பதற்கு இதை அவர் சான்றாகக் காட்டினார்.

அப்படியானால், கதைக்கு நீதி வேண்டாமா? நம் கதைகளின் இறுதியில் 'நீதி' என்று ஒரு வரி எழுதுவது நமக்குப் பழக்கம். லூயிஸோ, பிள்ளைகளுக்கு எந்த நீதி தேவை என்று தேடிப் புறப்பட வேண்டாம் என்கிறார். நம் வாழ்வில் ஆழ வேரூன்றிய நன்மை எதுவோ, அது தானே கதையில் வெளிப்படும். வேரில் இல்லாததைக் கிளையில் ஒட்டவைக்க முடியுமா?

ஆகவே தோழியரே, வீட்டில் தம்பி தங்கையர்க்கும், பள்ளியில் கீழ் வகுப்புக் குழந்தைகளுக்கும் கதை சொல்லும் நாம், முதலில் நமக்கே பிடித்த கதையைச் சொல்வோம். நீதியைக் கடைசி வரியில் எழுதுமுன் நம் வாழ்வில் எழுதுவோம்.