தான்சானியாப் பலகையும் உன் முன்பணமும்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் பட்டறைக்கு வந்தபோது அந்த ஒப்பந்தத் தாளை நீட்டி, "ஐயா, கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஜெர்மனிக்காரர் பன்னிரண்டு கதவுப் பலகைகள் கேட்கிறார், பாதிப் பணம் முன்னாலேயே தந்துவிட்டார். கூடவே ஒரு நிபந்தனை: இனி வேறு எந்த வெளிநாட்டு வியாபாரிக்கும் நீ செதுக்கித் தரக்கூடாது.

அன்று நீ உளி போட்டுக்கொண்டிருந்த பலகையிலிருந்து தொடங்குகிறேன். டெப்போவில் 'தான்சானியா தேக்கு' என்று சொல்லிக் கொடுத்தார்கள். தேக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த மரமே இல்லை, தம்பி. கிழக்கு ஆப்பிரிக்கா ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, 1898-இல் இந்தியாவிலிருந்து விதை கொண்டுபோய் அங்கே நட்டார்கள். 1992-இல் கிலோம்பெரோ பள்ளத்தாக்கில் பிரிட்டன் அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் பணம் போட்டுப் பெரிய தேக்குத் தோட்டம் தொடங்கியது. இன்று அந்த நாட்டுத் தேக்குக்கு இந்தியா பெரிய சந்தை.

அதே ஜெர்மானிய ஆட்சிதான் மக்களை அடித்துப் பருத்தி போட வைத்தது. 1905-இல் மாஜி மாஜி எழுச்சி மூண்டது. அதை அடக்க விளைந்த பயிரைக் கொளுத்தி ஊர்களைப் பட்டினி போட்டார்கள். செத்தவர்கள் 3 லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் சொங்கேயா ஊருக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டது 2023 நவம்பரில்தான். இதெல்லாம் உனக்குப் புதிதாக இருக்காது. 1976-இல் ஜாகீர் ஒழிகிறவரை வெள்ளிமலைப் பக்கம் உன் தாத்தா ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் ஏர் ஓட்டியதை நீதானே எனக்குச் சொன்னாய்.

நான் சொல்ல வந்தது, ஜெர்மானிய ஆட்சி போனபிறகு அங்கே நடந்தது. 1964-இல் தாங்கனிக்காவும் சான்சிபாரும் சேர்ந்து தான்சானியா என்ற ஒரே நாடாயின. சான்சிபார் அதற்கு முன்பே கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்திருந்தது. மேற்கு ஜெர்மனியோ, 'கிழக்கை ஏற்கிறவரோடு எங்களுக்கு உறவில்லை' என்ற ஹால்ஸ்டைன் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. உன் தாளில் இருக்கும் நிபந்தனையும் இதுதான். அதிபர் நியெரேரே இறங்கித்தான் வந்தார். கிழக்கு ஜெர்மனிக்குத் தூதரகம் கிடையாது, அதற்குக் கீழ்ப்படியில் ஒரு துணைத் தூதரகம் மட்டும் என்றார். அதுவும் மேற்கு ஜெர்மனிக்குப் போதவில்லை. 1965 பிப்ரவரியில் ராணுவ உதவியை நிறுத்தினார்கள். அப்படியானால் மற்ற உதவியும் வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நியெரேரே சொல்லிவிட்டார். சுதந்திரம் வாங்கி நாலு வருஷம்கூட ஆகாத ஏழை நாடு அது! ஆனாலும் உறவை அவர் முறித்துக்கொள்ளவில்லை. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

முப்பது வருஷத்துக்கு முன் நானும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் ஒரே ஆளுக்கு மட்டும் வேலை. மூன்றாம் வருஷம் அவர் ஆர்டரை நிறுத்தினார். அதற்குள் என் பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். கொட்டாப்புளிச் சத்தமே கேட்காமல் கிடந்த அந்த ஆவணி மாசத்தை என்னால் மறக்க முடியவில்லை. அது உனக்கு வரக்கூடாது.

அவருக்கு இப்படி எழுது: பன்னிரண்டு பலகையும் சொன்ன தேதியில் வந்து சேரும். நீங்கள் வரைந்து தந்த உருவை வேறு யாருக்கும் செதுக்க மாட்டேன். அதற்கு மேல் கட்டுப்பட முடியாது. ஒவ்வொரு பலகையின் பின்புறமும் உன் பெயரும் ஊர் பெயரும் வரும் என்பதையும் சேர்த்துக்கொள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பெயர் மறைவாகப் போகவே கூடாது. அவர் ஒத்துக்கொள்கிறவரை முன்பணத்தைத் தொடாதே. மறுத்தால், இன்னொரு ஆர்டர் வந்தால் செய்கிறேன் என்று மரியாதையாக எழுதிப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

அப்புறம், அன்று நீ செதுக்கிய பலகையில் யாளியின் மேல்வரிசைப் பல்லில் சிம்பு தெறித்திருந்ததைப் பார்த்தேன். உளி மழுங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா, சாணை பிடித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் ஐயா