விலைக்கு வாங்கிய வெயில்

வெயிலில் அலைந்தால் கருத்துவிடுவாய் என்று பிள்ளைகளை வீட்டினுள் அழைக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஆசையொன்று வேரூன்றியது. வெளிறிய மேனியர் பலர் தம் தோல் பழுப்பேற வேண்டுமென விரும்பினர். அதற்கு முன்னர் அங்கும் வெளிறிய நிறமே செல்வர்க்கு அடையாளமாக இருந்தது. வயலில் உழைப்போரே வெயிலில் கருத்தனர். தொழிற்சாலைகள் பெருகி, உழைப்போர் கூரையின்கீழ் அடைபட்ட பின்னர், கடற்கரையில் ஓய்வெடுத்துத் திரும்பியவரின் பழுப்பு நிறம் வசதிக்கு அடையாளமாயிற்று.

குளிர் நாடுகளில் ஆண்டு முழுவதும் வெயில் கிடைப்பதில்லை. எனவே வெயிலை விற்கும் வணிகம் தோன்றியது. 1970களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் வோல்ஃப் என்பார் இதற்குரிய விளக்குப் படுக்கைகளைப் பரப்பினார். மேலும் கீழும் நீண்ட குழல் விளக்குகள் பொருத்திய, மூடியுள்ள பெட்டி போன்றது அப்படுக்கை. கண்களுக்குக் காப்பணிந்து அதனுள் சில நிமிடங்கள் படுத்திருந்தால் போதும். சில நாள்களில் மேனி பழுப்பேறும். இத்தகைய நிலையத்தை ஆஸ்திரேலியர் 'சோலாரியம்' என்றனர்.

மேனி பழுப்பேறுவது எங்ஙனம்? அவ்விளக்குகள் புறஊதாக் கதிர்களை உமிழ்கின்றன. அக்கதிர்கள் தோலின் உயிரணுக்களுள் புகுந்து, அவற்றின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. சிதைவை உணர்ந்த தோல், மேலும் கேடு நேராவண்ணம் மெலனின் என்னும் நிறமியை மிகுதியாகச் சுரந்து குடைபோல் விரிக்கிறது. அக்குடையின் நிறமே பழுப்பு. அழகெனக் கருதப்படும் அந்நிறம், உண்மையில் தோல் காயமுற்றதன் அறிகுறியாகும். சிதைவுகளுள் பெரும்பாலானவற்றை உடலே செப்பனிட்டுவிடுகிறது. செப்பனிடப்படாத சில, ஆண்டுகள் பல கடந்து புற்றுநோயாக முளைக்கக்கூடும். தோல் முதிருமுன்னே சுருங்குவதும் இக்கதிர்களால் நேர்வதே.

தோல் புற்றுநோய்களுள் கொடியது மெலனோமா. அது நிறமி சுரக்கும் அணுக்களிலேயே தோன்றி, பிற உறுப்புகளுக்கும் விரைந்து பரவவல்லது. 35 வயதுக்கு முன்னர் விளக்குப் படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியோர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவரைவிடப் பாதிக்கு மேல் கூடுதல் என ஆய்வுகள் கண்டன. 2009ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இப்படுக்கைகளைப் புகையிலை இடம்பெற்றுள்ள முதல் பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கும் என ஐயமற உறுதியானவற்றுக்கு உரிய பிரிவு அது.

ஆயினும் ஆய்வறிக்கைகளைக் காட்டிலும் ஓர் இளம்பெண்ணின் குரலே ஆஸ்திரேலிய மக்களின் நெஞ்சைத் தொட்டது. மெல்பர்ன் நகரைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் மெலனோமாவால் துன்புற்றார். முன்பு சில முறை சோலாரியம் சென்றதே தம் நோய்க்குக் காரணமென அவர் நம்பினார். தம் வாழ்நாள் முடியப்போவதை அறிந்தும், நாளிதழ் வாயிலாகவும் தொலைக்காட்சி வாயிலாகவும் மற்ற இளைஞரை எச்சரித்தார். 26ஆவது பிறந்தநாளைக் காணவேண்டும் என்பது அவர் விருப்பம். அதைக் கண்டு சில வாரங்களில், 2007 செப்டம்பரில், அவர் மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. விக்டோரியா மாநிலம் முதலில் இந்நிலையங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. இதற்கிடையே 2009இல் பிரேசில், அழகுக்காக இப்படுக்கைகளைப் பயன்படுத்துவதை நாடு முழுவதும் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 தொடக்கத்திற்குள் வணிகச் சோலாரியங்கள் மூடப்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியா 2016இல் அவ்வழி நடந்தது. வேறு பல நாடுகள் 18 வயது நிரம்பாதோர்க்கு மட்டும் தடைவிதித்துள்ளன.

விற்போரும் வாளாவிருக்கவில்லை. இவ்விளக்கொளி வைட்டமின் டி தரும் என்றனர். அச்சத்தை உண்டாக்குவது புறஊதா-பி கதிர். இப்படுக்கைகளிலோ பெரும்பாலும் புறஊதா-ஏ கதிரே மிகுதி. முன்கூட்டியே பழுப்பேறினால் கோடை வெயில் சுடாது என்றும் கூறினர். அப்பழுப்பு தரும் காப்பு மிகச் சிறிதே. சில தோல் நோய்களுக்கு மருத்துவர் புறஊதா ஒளியை அளந்து அளிப்பது உண்டு. அதனையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இயல்பிலேயே மெலனின் மிகுந்த இந்தியர்க்கு மெலனோமா அரிது. வருங்கால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ வருதலால், கவனியாது விடுவோர் பலர். பழுப்பேற்றும் படுக்கை இங்கு மிகுதியாகப் பரவவில்லை. வெளுப்பேற்றும் களிம்புகளோ மூலைக்கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு நாளடைவில் தோலை மெலிவிக்கும்.

அருஞ்சொற்பொருள்
உமிழ்தல் – வெளிவிடுதல்; வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்; ஐயமற – சந்தேகமின்றி; எங்ஙனம் – எவ்வாறு.

வினாக்கள்
1. மெலனினைக் குடையோடு ஒப்பிடுவது ஏன்?
2. விற்போர் கூறியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுத்து எழுதுக.
3. வீட்டில் தமிழிலும் வெளியில் நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் தோல் நிறத்தைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுக்க. அவற்றுள் பிறரைப் புண்படுத்துவன எவை?