போக்கோ என்றால் பசி

ஓசூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ‘ம், ம்’ என்று கேட்டுக்கொண்டே அழ ஆரம்பிப்பாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் அதுதானே நடந்தது.

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஒடிசாவிலிருந்து நீங்கள் தத்தெடுத்து வந்த பிள்ளை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ‘போக்கோ, போக்கோ’ என்று தேம்பினான். நீ சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “போகணும்ங்கிறான் பெரியம்மா, எங்களை வேணாங்கிறான்” என்று விசும்பினாய். மாப்பிள்ளைதான் டோல்கேட் டீக்கடையில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையனைக் கையோடு கூட்டிவந்தார். அந்தப் பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டு நம் பக்கம் திரும்பி, “பசிக்குதாம்க்கா” என்றான்.

ஒரியாவில் போக்கோ என்றால் பசியாம். மத்தியானம் சாம்பார் சோற்றைத் தொடாமல் வைத்துவிட்ட பிள்ளைக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? மறுநாள் காலைக்கென்று நான் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சோற்றைக் காட்டியதும் ‘பொக்காளோ’ என்று அவன் கண் விரிந்ததே, பார்த்தாயா? அவர்கள் ஊரிலும் பழைய சோறுதான், தொட்டுக்கொள்ள அங்கேயும் கருவாடுதான். வறுத்த நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, கிள்ளிய தலைகளைத் தட்டோரம் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிட்டான். அந்த வரிசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாரோ ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிய வேலை அது.

‘பையன் பேசவே மாட்டேங்கிறான்’ என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்கிறாய். அவன் பேசுகிறான் கண்ணு. ஐந்து வயசுக்கு எவ்வளவு பேசணுமோ அவ்வளவும் பேசுகிறான். நமக்குத்தான் காது இல்லை.

உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். இதை உன் அம்மாகூட உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், அவள் அப்போது பிறக்கவேயில்லை.

1964-ல் ரங்கூனில் கடை கண்ணியையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களில் எங்கள் ஆயாவுக்குத் தூரத்து உறவான ஒருத்தர், ஆறு வயசுப் பெண்ணோடு நம் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்தார். பெண்ணின் தாய் பர்மாக்காரி, அவள் அங்கேயே நின்றுவிட்டாள். வந்த ஒரு வருஷத்துக்குள் அவரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஆயா அந்தப் பெண்ணைத் தன் பேத்தியாகவே வைத்துக்கொண்டாள். பத்திரமும் இல்லை, கோர்ட்டும் இல்லை. எனக்கு எட்டு வயசு. பர்மாத் தங்கச்சிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன்.

எப்படிக் கற்றுக்கொடுத்தேன் தெரியுமா? செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தண்ணீன்னு சொல்லு, அப்பத்தான்” என்பேன். அவள் ‘யே, யே’ என்பாள். அவள் பாஷையில் அதுதான் தண்ணீர். தரமாட்டேன். தெருப் பிள்ளைகள் கூடிச் சிரிப்பார்கள். ராத்திரி தூக்கத்தில் ‘அமே, அமே’ என்று அனத்துவாள். “அமே இல்லடி, அம்மா. ‘ம்’மை அழுத்திச் சொல்லு” என்று எழுப்பித் திருத்துவேன். பர்மியத்தில் அமே என்றாலே அம்மாதான் என்று எனக்குத் தெரிய வந்தபோது நானே ரெண்டு பிள்ளை பெற்றிருந்தேன்.

ஒரு வருஷத்தில் தமிழ் சரளமாக வந்துவிட்டது. ஊரே என்னை மெச்சியது. அவள் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயம் ரங்கூனிலிருந்து அவள் அம்மா எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பூராவும் வட்டம் வட்டமான எழுத்து. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் ஒரு கடைக்காரரிடம் எடுத்துப் போனோம். அவர் முதலில் பர்மியத்திலேயே வாசித்தார். இவள் கடையில் தொங்கிய டார்ச் லைட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அப்புறம் அவர் தமிழில் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: “எனக்கு அது எப்பவாவது தெரிஞ்சிருந்துச்சா?”

தெரிந்திருந்தது. நான்தான் பிடுங்கினேன். ஆயா அவளுக்கு வைத்த பாசத்தில் ஒரு குறையும் இல்லை, அவளும் அதை ஒத்துக்கொள்வாள். ஆனால் அந்த முதல் வருஷத்தைப் பற்றி இன்றுவரை அவள் வாய் திறந்ததில்லை.

இப்படி மறந்துபோகிற பாஷையைப் பற்றிப் பிரான்சில் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2003-ல் வெளிவந்தது. மூன்றிலிருந்து எட்டு வயசுக்குள் கொரியாவிலிருந்து அங்கே தத்துப் போய் வளர்ந்து ஆளான எட்டுப் பேருக்குக் கொரிய வாக்கியங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு அதுவும் மற்ற அந்நிய பாஷை போலவே கேட்டிருக்கிறது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தும் தடயம் இல்லை. ஆனால் 2014-ல் கனடாவின் மான்ட்ரியாலில், ஒரு வயசு வாக்கில் சீனாவிலிருந்து போன பெண்களைச் சோதித்தபோது, சீனப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்கள் மூளை போலவே அசைந்ததாம். அவர்களுக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது. எது சரி என்று பண்டிதர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்கு அந்தத் தூக்க அனத்தல்தான் ஞாபகம் வந்தது.

2019-ல் நம் மணலியில் இருந்த ஒரு தாயின் கதை பேப்பரில் வந்ததே, படித்திருப்பாய். நாற்பது வருஷம் முன்னால் டென்மார்க்குக்குத் தத்துப் போன மகன் தேடிக் கண்டுபிடித்து வீடியோ காலில் வந்தான். அவன் டேனிஷ் பேசி வளர்ந்தவன், அந்தம்மாவுக்குத் தமிழ். பார்த்துப் பார்த்து அழுதிருப்பார்கள், வேறென்ன செய்வது?

உன் பிள்ளை கடல் தாண்டி வரவில்லை, கோரமண்டல் ரயிலில்தான் வந்தான். ஆனாலும் அவனுக்கு அது வேறு நாடுதான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ‘அம்மா சொல்லு, அம்மா சொல்லு’ என்று அவன் முகவாயைப் பிடிப்பதை முதலில் விடு. நீ அவனுடைய வார்த்தைகளைக் கற்றுக்கொள். பசி, தண்ணீர், வலி, பயம், ஒண்ணுக்கு, தூக்கம், ‘நான் இங்கதான் இருக்கேன்’. இந்த ஏழையும் டீக்கடைப் பையனிடம் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிந்து வைத்துக்கொள். உன் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளை சிரிப்பான். சிரிக்கட்டும், அந்த வீட்டில் அவனுக்கு ஒன்றாவது உன்னைவிட நன்றாகத் தெரிய வேண்டாமா?

குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு ஃபோன் போடு. அவனைப் பார்த்துக்கொண்ட அக்கா யார், எந்தப் பக்கம் படுப்பான், தூங்க என்ன பாடினார்கள் என்று கேள். முடிந்தால் அந்த அக்கா குரலைப் பதிந்து வாங்கு. ரிப்போர்ட்டில் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் இருக்கும், இது இருக்காது. அவன் போட்டுக்கொண்டு வந்த பனியனைத் துவைத்துவிட்டாயா? விட்டிருந்தால் போகட்டும். இல்லையென்றால் அப்படியே தலைமாட்டில் வை.

சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றும் கொஞ்ச காலத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் மட்டும். எதிர் வீட்டு அத்தை ஆசையாக வாங்கினாலும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடு, கோவித்தால் என் தலையில் போடு. நான் வந்தாலும் அதே சட்டம்தான்.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை, ரெண்டு வருஷத்துக்குத் தத்து விஷயமாக ஆள் வந்து பார்ப்பார்களே என்று பயப்படுகிறாய். அவர்கள் பிள்ளையைப் பிடித்துப் போக வருகிறவர்கள் இல்லை. அவன் கேட்டைப் பிடித்து அழுததையும் சொல்லு, மறைக்காதே. தத்து ஆணைக்கு இப்போது கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை, 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே தருகிறார். அதற்குள் அவன் பேரை மாற்றலாமா என்று மாப்பிள்ளை கேட்டாரே, அவசரப்படாதீர்கள். வேண்டுமானால் கூட ஒரு பேர் சேருங்கள். கூப்பிடுகிற பேர் அப்படியே இருக்கட்டும், அவன் கையோடு கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

நம்ம பேட்டையின் பேரையே பாரேன். 1717-லிருந்து 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை நம்ம ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆட்டோக்காரரிடம் கேட்டால் பெருமாள் காலடி பட்ட இடம் என்பார். காலெட்டுக்கு அதில் வருத்தமிருக்காது, செத்து முந்நூறு வருஷமாகிறது. ஐந்து வயசுப் பிள்ளை விஷயம் அப்படியில்லை.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். கால் கிலோ நெத்திலி வாங்கி வை, மார்க்கெட் வாசலில் வேண்டாம், உள்ளே வலது கைப்பக்கம் இருக்கிற அம்மாவிடம். டீக்கடைப் பையனிடம் இன்னொன்றும் விசாரித்தேன். அவர்கள் பாஷையில் அம்மாவைப் பெற்றவளை ‘ஆயி’ என்பார்களாம். நம் வழக்கப்படி அவனுக்கு நான் ஆயாதான். ஆயி என்று கூப்பிட்டான் என்றால் திருத்திவிடாதே.

உன்
பெரியம்மா